மரக்கறி லொறிகளும் வழிகாட்டும் மென்பொருள்களும்

பறித்த பின்னும் மரக்கறி உயிருள்ள பொருளேயாகும். செடியிலிருந்து நீங்கிய கத்தரியும் போஞ்சியும் தொடர்ந்து சுவாசிக்கின்றன. தம்மிடமுள்ள சர்க்கரையைச் செலவிட்டு வெப்பத்தை வெளிவிடுகின்றன. சூழலின் வெப்பநிலை 10 பாகை செல்சியசு உயரும்போது இச்சுவாசம் ஏறத்தாழ இரண்டு முதல் மூன்று மடங்கு வரை விரைவடையும். படங்கு மூடிய லொறியொன்றில் நெருக்கமாக அடுக்கப்பட்ட சாக்குகளின் நடுவே வெப்பம் வெளியேற வழியில்லை. ஆகையால் வழியில் வீணாகும் ஒவ்வொரு மணித்தியாலமும் சரக்கின் எடையையும் நிறத்தையும் விலையையும் குறைக்கின்றது.

வலிகாமத்துத் தோட்டமொன்றின் சரக்கை மாலையில் ஏற்றும் லொறி, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கடந்து, மறுநாள் விடியுமுன் கொழும்பை அடைதல் வேண்டும். விடியுமுன் சேர்ந்த கத்தரிக்கு ஒரு விலை. வெயிலேறிய பின் சேர்ந்த கத்தரிக்கு வேறு விலை. லொறி தாமதித்து வந்தால் தோட்டக்காரர் சாரதியையும், சாரதி வீதியையும், வியாபாரி இருவரையும் குறைகூறுவது வழக்கம். தாமதம் எந்த இடத்தில், எத்தனை மணித்தியாலம், என்ன காரணத்தால் நேர்ந்தது என்பதற்கு எவரிடத்தும் எழுத்திலான கணக்கில்லை. கணக்கில்லாத நட்டம் பெரும்பாலும் கமக்காரரையே சார்கின்றது.

இக்குறையைத் தீர்ப்பதாகக் கூறிக் கமக்காரர் அமைப்புகளுக்கும் கூட்டுறவுச் சங்கங்களுக்கும் பலவகை வரைபட மென்பொருள்களும் வண்டியின் இடத்தை அறியும் கருவிகளும் இக்காலத்தில் விற்கப்படுகின்றன. அவை யாவும் ஒரே தொழிலைச் செய்வனவல்ல. “பொருள் சேரவேண்டிய இடம் எது?” என்பது ஒரு கேள்வி. “பல இடங்களுக்கு எந்த ஒழுங்கிற் செல்வது?” என்பது வேறொரு கேள்வி. “லொறி இப்பொழுது எங்கே நிற்கின்றது?” என்பது மூன்றாவது. முதற் கேள்விக்கு விடை தரும் மென்பொருளை மூன்றாவது கேள்விக்கென வாங்கிய சங்கம் பணத்தை இழக்கும். எனவே தமக்குத் தொல்லை தருவது எந்தக் கேள்வி என்பதை முதலில் தெளிந்துகொள்ளுதல் வேண்டும்.

இவற்றால் தீராதது எது என்பதையும் இங்கேயே கூறுதல் நன்று. இந்நாட்டில் விளையும் பழங்களிலும் மரக்கறிகளிலும் நூற்றுக்கு 30 முதல் 40 பங்கு வரை அறுவடைக்குப் பின் வீணாகின்றது என்பது நெடுங்காலமாக எடுத்துக் கூறப்படும் கணக்காகும். அதில் பெரும்பகுதி சாக்கில் அமுக்கிக் கட்டுவதாலும், மேலே ஆட்களை ஏற்றுவதாலும், காயமுற்ற காய்களை நல்ல காய்களுடன் கலப்பதாலும் நேர்வதாகும். 2011 ஆம் ஆண்டின் இறுதியில் மரக்கறிகளைப் பிளாஸ்ரிக் பெட்டிகளிலேயே ஏற்றவேண்டுமென அரசாங்கம் கட்டளையிட்டபோது எழுந்த எதிர்ப்பைப் பலர் மறந்திருக்க மாட்டார்கள். நசுங்கிய தக்காளி எந்த வீதியில் நசுங்கியது என்று மட்டுமே மென்பொருள் கூறும். பெட்டி வாங்கப் பணமிருந்தால் முதலிற் பெட்டியை வாங்குதலே தகும்.

செய்மதியும் கைத்தொலைபேசியும்

இம்மென்பொருள்கள் அனைத்துக்கும் அடிப்படை ஜீ.பி.எஸ். எனப்படும் செய்மதி முறையாகும். ஐக்கிய அமெரிக்கா இதன் முதலாவது செய்மதியை 1978 இல் ஏவியது. 1995 இல் முறை முழுமை பெற்றது. பூமிக்கு மேல் ஏறத்தாழ 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றும் இச்செய்மதிகள் இடைவிடாது நேரக்குறிப்புகளை ஒலிபரப்புகின்றன. குறைந்தது நான்கு செய்மதிகளின் குறிப்புகளைப் பெற்ற கருவி, அவை வந்துசேர எடுத்த நேரத்தைக் கொண்டு தான் நிற்கும் இடத்தைக் கணிக்கின்றது. பொதுமக்கள் பெறும் குறிப்பில் வேண்டுமென்றே புகுத்தப்பட்டிருந்த பிழை 2000 ஆம் ஆண்டு மே மாதத்தில் நீக்கப்பட்டது. அதன் பின்னரே இம்முறை வண்டித் தொழிலுக்கு நன்கு பயன்படலாயிற்று. திறந்த வானத்தின் கீழ் சாதாரணக் கைத்தொலைபேசி ஏறத்தாழ 5 மீற்றருக்குள் இடத்தைக் காட்டும். அடர்ந்த மரங்களின் கீழும், மலையைக் குடைந்த வீதிகளிலும், தகரக் கூரையின் கீழும் பிழை கூடும்.

கமக்காரர் பலரிடம் ஒரு தவறான எண்ணம் உண்டு. தொலைபேசிக்கு அலை கிடைக்காத இடத்தில் ஜீ.பி.எஸ். வேலை செய்யாது என்று அவர்கள் கருதுகின்றனர். செய்மதியிலிருந்து குறிப்பைப் பெறுவதற்குத் தொலைபேசி வலையமைப்பு வேண்டியதில்லை. நடுக்காட்டிலும் கருவி தன் இடத்தை அறியும். அறிந்த இடத்தைச் சங்கத்தின் அலுவலகத்துக்கு அறிவிப்பதற்கே வலையமைப்பு வேண்டும். இவ்வேறுபாட்டை விளங்கிக்கொண்டால் பின்னர் கூறப்படும் கருவிகளின் குணங்குறைகள் எளிதில் விளங்கும்.

இடத்தைக் காட்டும் வரைபடங்கள்

2005 இல் வெளிவந்த கூகிள் மப்ஸ் இன்று பெரும்பாலான சாரதிகளின் தொலைபேசியில் உண்டு. சாதாரணப் பாவனைக்குக் கட்டணமில்லை. வீதி நெரிசலையும் அது காட்டும்; நகரங்களில் இது பெருந்துணை. பயணத்துக்கு முன்னரே ஒரு பிரதேசத்தின் படத்தைத் தொலைபேசியிற் சேமித்துக்கொண்டால் வலையமைப்பு இல்லாத இடத்திலும் வழி காட்டும். அந்நேரத்தில் நெரிசற் செய்தி மட்டும் கிடையாது. சேமித்த படம் சில காலத்திற் காலாவதியாகும் என்பதால் இடையிடையே புதுப்பித்தல் வேண்டும்.

இதற்கு ஈடாக 2004 இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்ட ஓப்பன்ஸ்ரீற்மப் என்னும் பொதுப்படம் உள்ளது. உலகெங்குமுள்ள தன்னார்வலர் வரைந்து திருத்தும் படம் இது. எவரும் இதன் தரவுகளை உரிய நிபந்தனைக்கு அமைய இலவசமாக எடுத்தாளலாம். மட்டக்களப்பு நகரப் பகுதியின் கட்டிடங்களும் வீதிகளும் 2013 ஆம் ஆண்டளவில் உலக வங்கியும் அனர்த்த முகாமைத்துவ நிலையமும் பங்குகொண்ட திட்டமொன்றின் கீழ் இப்படத்திற் சேர்க்கப்பட்டன. ஒஸ்மாண்ட், ஓர்கானிக் மப்ஸ் ஆகிய செயலிகள் இத்தரவைக் கொண்டு இயங்குவன. முழு இலங்கையையும் தொலைபேசியிற் சேமித்துவிட்டால் வலையமைப்பின்றியே பயன்படும்.

இரண்டில் எது சிறந்தது என்று ஒரே சொல்லில் விடை கூறுதல் பொருந்தாது. கடைகள், நெரிசல், புதிய கட்டிடங்கள் ஆகியவற்றிற் கூகிள் முந்தியது. குளக்கட்டு வீதி, வாய்க்கால் ஓர வீதி, தோட்டங்களுக்கு இடையேயுள்ள ஒழுங்கை என்பவற்றிலோ, அவ்வூரில் எவரேனும் ஒருவர் வரைந்திருந்தால் ஓப்பன்ஸ்ரீற்மப் மேலானதாகவும், எவரும் வரையாதிருந்தால் வெறுமையாகவும் இருக்கும். தன் ஊரின் வீதிகளைச் சங்கமே வரைந்து சேர்க்கலாம் என்பது இதன் தனிச் சிறப்பு. கணினி அறிந்த இளைஞர் இருவருக்கு இது சில நாள் வேலை.

லொறி செலுத்துவோர் கவனிக்கவேண்டிய குறையொன்று உண்டு. கூகிள் மப்ஸ் காரையும் மோட்டார் சைக்கிளையும் கருதி வழி கூறுகின்றது. லொறியின் பாரத்தையும் உயரத்தையும் அது கேட்பதில்லை. பாரங் குறித்த பாலத்தின் வழியாகவும், முழுச்சுமையுடன் திரும்பவியலாத மலை வளைவுகள் வழியாகவும் அது லொறியை அனுப்பக்கூடும். ஒஸ்மாண்டில் வண்டியின் எடையையும் உயரத்தையும் குறித்துக்கொள்ள வசதியுண்டு. ஆயினும் பாலத்தின் எல்லை படத்திற் குறிக்கப்பட்டிருந்தாலன்றி அதனாற் பயனில்லை. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது மலைநாட்டில் வீதிகள் பல மண்சரிவினால் துண்டிக்கப்பட்டன. அத்தகைய நாட்களில் படத்தில் தெரியும் வீதி தரையில் இல்லாதிருக்கும். மழைக்காலத்தில் புறப்படுமுன் அவ்வழியால் வந்த வேறொரு சாரதியிடம் தொலைபேசியில் விசாரிக்கும் பழைய வழக்கத்தைக் கைவிடலாகாது.

இடத்தின் பெயராலும் மயக்கம் விளையும். 2020 இல் பேலியகொடையிற் புதிய மனிங் சந்தைத் தொகுதி திறக்கப்பட்டது. பழைய மனிங் சந்தையோ புறக்கோட்டையில் இருந்தது. பெயரை மட்டும் கூறிப் புதிய சாரதியை அனுப்பினால் அவர் எங்கே செல்வார் என்பது உறுதியில்லை. கிராமங்களில் இத்தொல்லை இன்னும் பெரிது. தோட்டங்களுக்கு இலக்கமில்லை, ஊர்ப்பெயரை ஆங்கில எழுத்தில் மூன்று விதமாக எழுதுவர். இதற்கு நல்ல பரிகாரம் பிளஸ் கோட் எனப்படும் இடக்குறியாகும். எழுத்துக்களும் இலக்கங்களும் கலந்த பத்து எழுத்துக் குறியொன்று ஏறத்தாழ 14 மீற்றர் நீள அகலமுள்ள நிலத்தைக் குறிக்கும். தோட்ட வாயிலில் நின்று தொலைபேசியில் அழுத்தினால் அக்குறியைப் பெறலாம். ஒவ்வொரு அங்கத்தவரின் வாயிற்குறியையும் சங்கத்தின் கொப்பியில் ஒருமுறை எழுதிவைத்துக்கொண்டால் பின்னர் எந்தச் சாரதி வந்தாலும் தடுமாற்றமில்லை. கட்டணம் ஏதுமில்லாத இவ்வேலை, விலைகொடுத்து வாங்கும் பல மென்பொருள்களிலும் அதிக பயன் தரும்.

எந்த ஒழுங்கிற் செல்வது

ஒரு லொறி ஐந்து தோட்டங்களிற் சரக்கேற்ற வேண்டுமாயின், அவற்றை 120 விதமான ஒழுங்குகளிற் சுற்றலாம். எட்டுத் தோட்டங்களாயின் 40,320 விதம். பத்துத் தோட்டங்களாயின் 36,28,800 விதம். இவற்றுட் குறைந்த தூரமுள்ள ஒழுங்கைத் தேடும் வித்தை புதியதன்று. 1959 இல் ஜோர்ஜ் டான்சிக், ஜோன் ராம்சர் என்னும் இருவர் ஐக்கிய அமெரிக்காவில் பெற்றோல் பவுசர்களைக் களஞ்சியத்திலிருந்து விற்பனை நிலையங்களுக்கு எவ்வாறு பகிர்ந்தனுப்புவது என்ற கணக்கை ஆராய்ந்து கட்டுரை எழுதினர். இன்று விற்கப்படும் பாதை வகுக்கும் மென்பொருள்கள் எல்லாம் அக்கணக்கின் வழிவந்தவையே.

கூகிள் மப்ஸில் ஒரே பயணத்துக்கு ஏறத்தாழ பத்து இடங்கள் வரை குறிக்கலாம். ஆனால் குறித்த ஒழுங்கிலேயே அது வழி கூறும். ஒழுங்கைத் தானாக மாற்றிச் சிறந்ததைத் தேடித் தராது. இதை அறியாத பலர் அது தேடித் தருவதாக நம்புகின்றனர். அத்தொழிலுக்கென்றே ரூட்டிஃபிக், ஒப்ரிமோரூட் போன்ற கட்டண மென்பொருள்கள் உண்டு. ஜெர்மனியின் ஹைடல்பேர்க்கில் உருவான ஓப்பன்ரூட்சேர்விஸ், பொதுப்படத்தைக் கொண்டு பாரவண்டிக்கும் வழி கணிக்கும். நிறுத்தங்களின் ஒழுங்கையும் அது கணித்துத் தரும். ஆனால் அதை இயக்குவதற்குக் கணினிப் பயிற்சி வேண்டும்.

இம்மென்பொருள்கள் கேட்கும் விபரங்களைச் சரியாகக் கொடுத்தாலன்றி அவற்றின் விடை சரியாக அமையாது. லொறி எவ்வளவு கிலோகிராம் கொள்ளும், ஒவ்வொரு வாயிலிலும் எவ்வளவு சரக்கு, சந்தை எப்போது திறக்கும் என்பவற்றை எல்லோரும் கொடுக்கின்றனர். ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏற்றுவதற்கு எத்தனை நிமிடம் செல்லும் என்பதைக் கொடுக்க மறந்துவிடுகின்றனர். உதாரணமாக எட்டு வாயில்களில் ஒவ்வொன்றிலும் 20 நிமிடம் நின்றால் 160 நிமிடம், அதாவது 2 மணித்தியாலமும் 40 நிமிடமும் நிற்பதிலேயே கழியும். ஒழுங்கை மாற்றி 12 கிலோமீற்றரை மீதப்படுத்தினால் கிராம வீதியில் அரை மணித்தியாலமே மிஞ்சும். அதே எட்டுத் தோட்டத்தாரும் தத்தம் சரக்கை நிழலுள்ள ஒரு சந்தியில் முன்கூட்டியே சேர்த்து, எடைபோட்டு, பெட்டியில் வைத்திருப்பாராயின் மென்பொருள் எதுவுமின்றியே இரண்டு மணித்தியாலம் மிஞ்சும். நிறுத்தங்களைக் குறைத்த பின்னரே பாதையை வகுக்கும் செலவில் இறங்குதல் வேண்டும்.

அப்படியாயின் இவை யாருக்குப் பயன்படும்? நாள்தோறும் வேறுவேறு கடைகளுக்கும் விடுதிகளுக்கும் வீடுகளுக்கும் மரக்கறிப் பொதிகளை விநியோகிக்கும் சங்கத்துக்குப் பயன்படும். ஒவ்வொரு நாளும் ஒரே தோட்டங்களிலிருந்து தம்புள்ளைப் பொருளாதார மத்திய நிலையத்துக்கு மட்டும் செல்லும் லொறிக்கு அதன் சாரதியின் பழக்கமே போதுமானது.

லொறி எங்கே நிற்கின்றது

இதற்கு இலகுவான வழி வட்ஸ்அப் மூலம் சாரதி தன் நடப்பு இடத்தைப் பகிர்வதாகும். 15 நிமிடம், 1 மணித்தியாலம், 8 மணித்தியாலம் என மூன்று கால அளவுகளே அதிலுண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குச் சுமையுடன் செல்லும் லொறிக்கு 8 மணித்தியாலம் போதாமற் போகலாம். சரக்கு எங்கே என அறியவேண்டிய கடைசி நேரத்தில் பகிர்வு நின்றுவிடும். வழியில் தேநீருக்கு நிறுத்தும்போது மீண்டும் ஒருமுறை தொடக்கிவிடும்படி சாரதியிடம் கூறிவைத்தால் இக்குறை நீங்கும். கூகிள் மப்ஸில் தாமே நிறுத்தும் வரை பகிரும் வசதியுண்டு.

இரண்டுக்கும் பொதுவான குறைகள் உள. சாரதியின் தொலைபேசியிற் பற்றரி இறங்கினால் செய்தியும் நிற்கும். எல்லாவற்றிலும் முக்கியமாக, பயணம் முடிந்தபின் லொறி எங்கே எவ்வளவு நேரம் நின்றது என்ற கணக்கு சங்கத்தின் கையில் எஞ்சுவதில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர் பார்த்தார், அவ்வளவே. தாமதத்தைப் பற்றிய வழக்குத் தீர்க்க அது உதவாது.

கணக்கு வேண்டுமாயின் வண்டியிற் பொருத்தும் தடங்காணும் கருவியை நாடுதல் வேண்டும். தீப்பெட்டியிலும் சற்றுப் பெரிய இக்கருவி வண்டியின் பற்றரியிலிருந்து மின்பெற்று, உள்ளேயுள்ள சிம் அட்டையின் மூலம் இடத்தை அறிவிக்கும். 30 செக்கனுக்கு ஒருமுறை அறிவித்தாலும் 10 மணித்தியாலப் பயணத்தில் 1,200 குறிப்புகளே சேரும். இவற்றின் மொத்த அளவு கைத்தொலைபேசியில் எடுக்கும் ஒரு படத்தின் அளவுக்கு மேற்போகாது. ஆகவே சிம் அட்டைக்கான தரவுச் செலவு சிறிது. நல்ல கருவி, வலையமைப்பு இல்லாத காட்டுப் பகுதியிற் குறிப்புகளைத் தன்னுள் சேமித்து, அலை கிடைத்தவுடன் ஒருமிக்க அனுப்பும். இவ்வசதி இல்லாத கருவியை வாங்கலாகாது. இரண்டாந் தலைமுறை வலையமைப்பில் மட்டும் இயங்கும் மலிவான கருவிகளையும் தவிர்த்தல் நன்று. சிங்கப்பூரில் 2017 இல் அவ்வலையமைப்பு மூடப்பட்டபோது அத்தகைய கருவிகள் பயனற்றுப் போயின. கருவி தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவின் அங்கீகாரம் பெற்றதா என்பதையும் விற்பவரிடம் விசாரித்தல் வேண்டும்.

கருவியிலிருந்து வரும் குறிப்புகளைப் பெற்றுப் படத்திற் காட்டும் மென்பொருள் தனியானது. மாதாந்தக் கட்டணத்துக்கு அச்சேவையை அளிக்கும் நிறுவனங்கள் உண்டு. இலவசமாகக் கிடைக்கும் ரக்கார் என்னும் மென்பொருளும் உண்டு. 200 க்கு மேற்பட்ட வகைத் தொடர்பு முறைகளை விளங்கிக்கொள்வதால் பல நிறுவனங்களின் கருவிகள் அதனுடன் இயங்கும். கருவி வாங்குமுன் பரீட்சித்துப் பார்க்க விரும்புவோர், ரக்கார் செயலியைச் சாரதியின் தொலைபேசியிலிட்டு அதையே கருவியாகப் பயன்படுத்தலாம். மென்பொருள் இலவசமாயினும் அதை இரவுபகலாக இயக்கும் கணினி இலவசமன்று. மாத வாடகைக்கு எடுக்கவேண்டும், பராமரிக்க ஒருவர் வேண்டும். ஒரு லொறியுள்ள சங்கத்துக்கு இது வீண் தொல்லை. நான்கைந்து லொறிகளும் கணினி கற்ற ஓர் உறுப்பினரும் உள்ள சங்கத்துக்கு மாதாந்தக் கட்டணச் சேவையிலும் இது இலாபகரமாகலாம்.

இத்தகைய மென்பொருள்களில் படத்தின் மீது ஒரு வட்டத்தை வரைந்து வைக்கலாம். லொறி அவ்வட்டத்துட் புகுந்த நேரமும் வெளியேறிய நேரமும் தாமாகவே பதியும். தோட்டச் சந்திக்கு ஒன்று, சந்தை வாயிலுக்கு ஒன்று என இரண்டு வட்டங்கள் வரைந்தாலே பெரும்பாலான பிணக்குகளுக்கு விடை கிடைக்கும். லொறி சந்தை வாயிலை அதிகாலை 3.40 க்கு அடைந்தது, இறக்கத் தொடங்கியது 7 மணிக்கு என்று பதிவு காட்டுமாயின், வாடிய கீரைக்குச் சாரதியோ தோட்டக்காரரோ பொறுப்பல்லர். வியாபாரி கழிவு வெட்ட முனையும்போது கையிலுள்ள இப்பதிவு பேரம் பேச உதவும். படத்தில் ஓடும் லொறியைப் பார்த்துக்கொண்டிருப்பதிலும் இப்பதிவுக்கே பெறுமதி அதிகம்.

ஒப்படைத்ததற்குச் சான்று

ஒன்ஃபிளீட் போன்ற விநியோக மென்பொருள்கள், சரக்கை வாங்கியவரின் கையொப்பத்தையும் ஒப்படைத்த பொருளின் படத்தையும் நேரத்துடன் சேர்த்துப் பதிகின்றன. வாங்குபவருக்கு லொறியின் வரவை முன்னறிவிக்கவும் செய்யும். நகரத்தில் வீடுவீடாகப் பொதி கொடுப்போருக்கு இவை ஏற்றவை. மொத்தச் சந்தைக்குச் சரக்கனுப்பும் சங்கத்துக்கோ, இறக்கும் வேளையிற் சாரதி எடுக்கும் இரண்டு படங்களும் துண்டுக் கொப்பியின் ஒரு தாளும் அதே பயனைத் தரும். படத்தில் தராசின் இலக்கம் தெரிதல் வேண்டும்.

செலவும் உடன்படிக்கையும்

பிறநாட்டு மென்பொருள்களின் கட்டணம் டொலரிற் குறிக்கப்படும். சில வண்டிக்கு இவ்வளவு என்றும், சில ஒப்படைப்புக்கு இவ்வளவு என்றும் அறவிடும். 2022 இன் முற்பகுதியில் ஒரு டொலரின் பெறுமதி ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில வாரங்களில் 360 ரூபா வரை ஏறியதைக் கமக்காரர் அறிவர். அத்தகைய ஆண்டில் டொலர்க் கட்டணம் ஒரு போகத்தின் இலாபத்தை விழுங்கிவிடும். தாமே செயலி அமைக்க எண்ணும் பெரிய சங்கங்களும் இதைக் கவனித்தல் வேண்டும். கூகிளின் படச் சேவையைத் தம் செயலியில் இணைப்போர் பாவனைக்கேற்பப் பணம் செலுத்தவேண்டும். அதன் கட்டண முறை 2018 இல் ஒருமுறையும் 2025 மார்ச்சில் மற்றொருமுறையும் மாறியது. படத்தை அளிப்பவர் விலையை மாற்றினால் அதன்மேல் கட்டிய செயலியின் செலவும் மாறும்.

எரிபொருளில் மீதமாகும் தொகையைக் கட்டணத்துடன் ஒப்பிட்டுப் பார்த்தல் எளிது. லீற்றருக்கு 6 கிலோமீற்றர் ஓடும் லொறி, பயணமொன்றில் 30 கிலோமீற்றர் வீணாகச் சுற்றுவதைத் தவிர்த்தால் 5 லீற்றர் டீசல் மிஞ்சும். மாதம் 20 பயணமாயின் 100 லீற்றர். அத்தொகை மென்பொருளின் மாதக் கட்டணத்திலும் பலமடங்கு கூடியதாயின் வாங்கலாம். சற்றே கூடியதாயின் வாங்காதிருத்தல் நன்று, ஏனெனில் முதலிரு மாதங்களும் பழகுவதிலேயே கழியும்.

பதிவு யாருக்குரியது என்பதை உடன்படிக்கையில் எழுதிக்கொள்ளல் வேண்டும். வியாபாரியின் லொறியில் வியாபாரி பொருத்திய கருவியின் கணக்கு வியாபாரியிடமே இருக்கும். தமக்குச் சாதகமான நாளிற் காட்டுவார், பாதகமான நாளிற் காட்டார். சரக்கை ஒப்படைக்குமுன் அப்பயணத்தைப் பார்க்கும் இணைப்பைத் தமக்கும் அனுப்பும்படி கமக்காரர் கேட்கலாம். சேவையை விட்டு விலகும் நாளில் பழைய பயணங்களின் கணக்கைக் கோப்பாகப் பெறமுடியுமா என்பதையும் பணம் செலுத்துமுன் கேட்டறிதல் வேண்டும். முடியாது என்று கூறும் நிறுவனத்தின் சேவை எவ்வளவு மலிவாயினும் ஏற்கத் தக்கதன்று.

சாரதியை மறைத்துக் கருவி பொருத்துதல் தகாது. அவர் எங்கே உறங்கினார், எங்கே உணவருந்தினார் என்பதெல்லாம் அதிற் பதியும். 2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இத்தகைய விபரங்களையும் கருதியே இயற்றப்பட்டது. எதற்காகப் பதிகிறோம், எத்தனை மாதம் வைத்திருப்போம், யார் பார்ப்பர் என்பவற்றை முன்னரே சாரதிக்குக் கூறி, வேலை முடிந்த நேரத்தில் அவருடைய தொலைபேசிப் பகிர்வை நிறுத்தவும் விடுதல் வேண்டும். இரவெல்லாம் கண்விழித்து ஓட்டுபவரைப் படத்தைப் பார்த்தபடி “ஏன் நின்றாய்?” எனத் தொலைபேசியில் நச்சரிக்கும் வழக்கமும் சில இடங்களில் உண்டு. தூக்கம் வந்த சாரதி நிறுத்தி உறங்குவதே சரக்குக்கும் உயிருக்கும் பாதுகாப்பாகும்.

நெற் செய்கையாளருக்கு

நெல் சில மணித்தியாலத்தில் வாடும் பொருளன்று. ஆகவே உலர்ந்த நெல்லை ஏற்றும் லொறியைக் கணத்துக்குக் கணம் பார்த்துக்கொண்டிருக்க அவசியமில்லை. எடைச்சீட்டும் வாயிற் பதிவும் போதும். அறுவடை இயந்திரத்திலிருந்து நேரே சாக்கிலிட்ட ஈர நெல் இதற்கு விலக்காகும். கொள்வனவுக்குரிய ஈரப்பதன் நூற்றுக்கு 14 ஆயிருக்க, அதிலும் மிக்க ஈரத்துடன் கட்டிய நெல் லொறியிலேயே சூடேறி நிறம் மாறும். அத்தகைய சுமை களத்தையோ உலர்த்தும் இடத்தையோ எந்நேரம் சேரும் என்பதை அறிந்திருத்தல் வேண்டும்.

தடங்காணும் கருவி நெற் செய்கையாளருக்கு வேறொரு வகையில் அதிகம் பயன்படும். உழவு இயந்திரத்தையும் அறுவடை இயந்திரத்தையும் பல வயல்களுக்கு முறைவைத்து அனுப்பும் அமைப்பு, அவை எந்த வயலில் எத்தனை மணித்தியாலம் இயங்கின என்பதை அறியவேண்டியுள்ளது. இயந்திரத்தின் சாவியுடன் இணைக்கும் வயருள்ள கருவியைப் பொருத்தினால் இயந்திரம் இயங்கிய நேரமும் வெறுமனே நின்ற நேரமும் தனித்தனியே பதியும். வயலின் நான்கு மூலைகளையும் படத்திற் குறித்து எல்லை வரைந்து வைத்தால் வயலுக்குள் நின்ற நேரத்தையும் பிரித்தறியலாம். முறைவைப்புப் பற்றிய சச்சரவு அறுவடைக் காலத்திற் குறைய இக்கணக்கு உதவும். இயந்திரம் தனியாருக்குரியதாயின், கருவியைப் பொருத்துமுன் உரிமையாளரின் சம்மதத்தை எழுத்திற் பெற்றுக்கொள்ளல் வேண்டும். வயரை மின்வேலை அறிந்தவரைக் கொண்டே இணைப்பித்தல் வேண்டும்.